கார்ட்டூனுக்கு நடுவுல பிள்ளைங்ககிட்ட பேச ஒரு ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல சின்ன பிள்ளைங்க எந்நேரமும் போனும் கையுமா இருக்கறத பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. சொன்னது எல்லாம் நியாயம்தான், ஆனா போனை வாங்கி வைங்க, கண்டிப்பா இருங்கன்னு சொல்றதோட முடிஞ்சிடுச்சு. வாங்கி வச்சிட்டோம் சார், அதுக்கப்புறம் சாயந்திரம் அஞ்சரை மணிக்கு அம்மா அடுப்படியில நிக்கறப்போ நாலு வயசு பிள்ளைக்கு என்ன குடுக்கறது, அத யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. நான் எல்கேஜி யுகேஜிக்கு பாடம் எடுக்கற டீச்சர். ரொம்ப நாளா மனசுல இருக்கற ஒரு விஷயத்த இந்த லெட்டர்ல சொல்லிடணும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போனாலும் தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

நமக்கு தமிழ்ல ஒரு நல்ல குழந்தைங்க ப்ரோக்ராம் வேணும். கார்ட்டூன் இருக்கணும், பாட்டு இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல கேமராவ பாத்து பிள்ளைங்ககிட்ட பேசற ஒரு அண்ணனோ அக்காவோ மாமாவோ தினமும் வரணும். அரை மணி நேரம் போதும். இத தனியார் சேனல்கிட்ட கேக்கறதவிட டிடி தமிழ்கிட்ட கேக்கறதுதான் சரின்னு நினைக்கறேன், அது ஏன்னு கீழ சொல்றேன்.

இருபத்திநாலு மணி நேரமும் கார்ட்டூன் சேனல் ஓடுதே, இது எதுக்குன்னு கேப்பாங்க. ஓடுது, தமிழ்லயும் ஓடுது, ஆனா அது எப்படி ஓடுதுன்னு பாருங்க. பெரிய குழந்தைங்க சேனல்கள்ல பலதுக்கு நாடு முழுக்க ஒரே வீடியோதான். ஆடியோ மட்டும் ஹிந்தி, தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ்னு தனித்தனி ட்ராக்கா வரும், நீங்க ரிமோட்ல எத வச்சிருக்கீங்களோ அது கேக்கும். அப்படிப்பட்ட சேனல்ல ஒரு மனுஷன் வந்து உக்காந்து தமிழ்ல பேசவே முடியாது, ஏன்னா அவர் வாய் அசையறது லக்னோல இருக்கற பிள்ளைக்கும் தெரியும்ல. பொம்மை வாய்னா எந்த பாஷைய வேணா ஒட்டலாம், மனுஷ முகத்துக்கு ஒட்டினா அசிங்கமா தெரியும். அதனாலயே அங்க மனுஷங்க கிடையாது. ஸ்கிரீன்ல வர்ற எழுத்தும் தமிழ்ல இருக்காது, இப்பதான் அ ஆ படிக்கற பிள்ளை டிவியில ஒரு தமிழ் எழுத்த கூட பாக்காது. ஒரு கார்ட்டூன் முடிஞ்சதும் விளம்பரம், அப்புறம் அடுத்த கார்ட்டூன். பிள்ளைகிட்ட "என்னடா கண்ணா பாத்த, உனக்கு என்ன புடிச்சுது"ன்னு கேக்க ஆளே இல்ல.

டப்பிங்க நான் குறை சொல்லல, அத மொதல்ல சொல்லிடறேன். 2007 ஏப்ரல் 29ஆம் தேதி சுட்டி டிவி ஆரம்பிச்சப்போ தமிழ்ல குழந்தைங்களுக்குன்னே ஒரு முழு சேனல் வந்துச்சுன்னு எங்க தெருவே சந்தோஷப்பட்டுச்சு. டோராவும் புஜ்ஜியும் பேசின தமிழ் அவ்ளோ ஜோரா இருந்துச்சு, குள்ளநரி திருடக்கூடாதுன்னு கத்தாத பிள்ளை அப்போ தமிழ்நாட்டுல இருந்திருக்காது. அந்த கார்ட்டூன் ஜெயிச்சதுக்கு காரணமே டோரா பிள்ளைங்கள பாத்து கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு கொஞ்ச நேரம் காத்திருக்கும், அதுதான். வரைஞ்ச பொம்மை கேட்டதுக்கே வீட்டுல பிள்ளைங்க எழுந்து நின்னு பதில் சொல்லிச்சுங்க. நெஜ மனுஷங்க கேட்டா எப்படி இருக்கும்னு அந்த சேனல்லயே பாத்தோம். போன் பண்ற பிள்ளைங்ககிட்ட தொகுப்பாளருங்க பேசுவாங்க, பேர் கேப்பாங்க, பாட்டு பாட சொல்லுவாங்க, பொறந்தநாளுக்கு வாழ்த்து சொல்லுவாங்க. எங்க அக்கா பையன் பொறந்தநாளுக்கு போட்டோ அனுப்பிட்டு பக்கத்து வீட்டு பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து டிவி முன்னாடி உக்கார வச்சான். அவன் பேரை அந்த அக்கா வாசிச்சப்போ அவன் ஒண்ணுமே பேசல, டிவிக்கிட்ட போயி அந்த அக்கா முகத்துல கை வச்சு "நான்தான், நான்தான்"னான். இன்னைக்கு அவன் காலேஜ் முடிச்சிட்டான், அன்னைக்கு ஓடின கார்ட்டூன் எதுன்னு கேட்டா தெரியாதுங்கறான், பேர் வாசிச்ச அக்கா போட்டிருந்த டிரஸ் கலர் மட்டும் கரெக்டா சொல்றான்.

அதுக்கும் முன்னாடி டிடி இருந்துச்சு. மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சது, அதுல குழந்தைங்களுக்கு கண்மணிப் பூங்கான்னு ஒரு நிகழ்ச்சி வந்தது என் வயசு ஆளுங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். ரேடியோவ எடுத்துக்கிட்டா இன்னும் பழசு, சென்னை வானொலியில கூத்தபிரான் பிள்ளைங்களுக்கு நிகழ்ச்சி நடத்தினாரு, அவர வானொலி அண்ணான்னுதான் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைங்ககிட்ட பேசற ஒரு அண்ணன்ங்கறது நம்ம ஊருக்கு புதுசு கிடையாது சார், இருந்த வழக்கத்த நடுவுல விட்டுட்டோம்.

வெளிநாட்டுல இத எப்படி செஞ்சாங்கன்னு ஒரு உதாரணம் சொல்லணும், ஏன்னா இந்த மாதிரி ப்ரோக்ராம்ல நான் படிச்ச வரைக்கும் ரொம்ப நேர்மையா செஞ்சது அதுதான். அமெரிக்காவுல சிபிஎஸ் சேனல்ல 1955 அக்டோபர் 3ஆம் தேதி கேப்டன் கங்காருன்னு ஒரு காலை நேர ப்ரோக்ராம் வந்துச்சு. (அதே நாள்ல ஏபிசி சேனல்ல டிஸ்னியோட மிக்கி மவுஸ் கிளப்பும் ஆரம்பிச்சது, அதுலயும் கார்ட்டூன், பாட்டு, டான்ஸ் எல்லாம் உண்டு, ஆனா அந்த மொத ரவுண்டு 1959லயே நின்னுடுச்சு.) கேப்டனா வந்தவர் பேரு பாப் கீஷன். அப்போ அவருக்கு வயசு 28தான், தலைக்கு விக்கு, பெரிய மீசைன்னு தாத்தா மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வருவாரு. கோட்டுல பெரிய பெரிய பாக்கெட், அதனாலதான் கங்காருன்னு பேரு. புதையல் வீடுன்னு ஒரு செட்டு. தூங்கிக்கிட்டே இருக்கற தாத்தா கடிகாரம், அத எழுப்பினா பாட்டு மாதிரி ஏதாவது சொல்லும். பேசவே பேசாம கேப்டன ஏமாத்தி கேரட் வாங்கிட்டு போற முயல். ஜோக் சொல்லி முடிச்சதும் மேல இருந்து கேப்டன் தலைமேல பிங்பாங் பந்த கொட்ட வைக்கிற ஒரு மூஸ், அது அந்த ஊர் மான் ஜாதி. மியூசிக் போட்டா ஆடற ஒரு கரடி. பச்சை பேன்ட்டு போட்டுக்கிட்டு நெஜ ஆட்டுக்குட்டி, வாத்துன்னு தூக்கிட்டு வர்ற ஒருத்தர், அந்த நடிகர் ஹியூ பிரானம் அதுக்கு முன்னாடி ஒரு பெரிய இசைக்குழுவுல பேஸ் வாசிச்சவரு. இவ்ளோதான் ஆளுங்க. நடு நடுவுல கார்ட்டூன் வரும், பாட்டு வரும், கேப்டன் ஒரு புக்க எடுத்து படம் காட்டி படிப்பாரு.

இதுல நான் முக்கியமா சொல்ல வந்தது என்னன்னா, அந்த மனுஷன் கத்தவே மாட்டாரு. அதுக்கு முன்னாடி அவரு ஹவுடி டூடின்னு வேற ஒரு ப்ரோக்ராம்ல கோமாளியா நடிச்சவரு, அதுல செட்டுலயே பிள்ளைங்கள உக்கார வச்சு ஒரே சத்தமா கூச்சலா இருக்கும். தன்னோட ப்ரோக்ராம்னு வந்தப்போ ஸ்டூடியோவுல பிள்ளைங்களே வேணாம்னுட்டாரு. கேமராவ பாத்து, வீட்டுல உக்காந்திருக்கற அந்த ஒத்த பிள்ளைகிட்ட மெதுவா பேசினாரு. நம்ம ஊர் டிவியில பிள்ளைங்க ப்ரோக்ராம்னாலே என்ன நடக்குது, பெரியவங்க பாட்ட பாட வைக்கறது, மார்க் போடறது, தோத்தா அழ வைக்கறது, அந்த அழுகைய க்ளோசப்ல காட்டறது. பிள்ளைங்க டிவியில வர்றாங்க, ஆனா பிள்ளைங்களுக்காக வர்றதில்ல, பாக்கறது பெரியவங்க. அது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. கேப்டன் கங்காரு மாதிரி மெதுவா பேசற ஆளு ஒருத்தர் அங்க 29 வருஷம் ஓடினாரு சார், 1984 டிசம்பர் வரைக்கும். அதுலயும் 1981ல காலை நியூஸுக்கு நேரம் வேணும்னு அத அரை மணி நேரமா குறைச்சு, அப்புறம் சனி ஞாயிறுக்கு தள்ளி, கடைசியில நிறுத்தினாங்க. தனியார் சேனலுக்கு பிள்ளைங்க நேரம் எப்பவுமே கடைசிதான், அது எந்த நாடா இருந்தாலும் அப்படித்தான் போல. அதனாலதான் நான் டிடிகிட்ட கேக்கறேன்.

இன்னொரு விஷயம் அந்த ப்ரோக்ராம்ல வந்த கார்ட்டூன். டாம் டெரிஃபிக்னு ஒண்ணு, 1957ல ஆரம்பிச்சது. வெறும் கோட்டு ஓவியம், பின்னாடி சீன் கூட அவ்வளவா இருக்காது. தலையில ஒரு புனல கவுத்து வச்சிருக்கற பையன், நினைச்ச உருவமா மாறிடுவான், கூட ஒரு சோம்பேறி நாய். ஒரு கதைய தினமும் கொஞ்சம் கொஞ்சமா போடுவாங்க, மறுநாள் பிள்ளை தானா வந்து உக்காரும். செலவு ரொம்ப கம்மி, ஆனா பிள்ளைங்களுக்கு உசுரு. இத ஏன் சொல்றேன்னா அனிமேஷன்னாலே கோடிக்கணக்குல ஆகும், நம்மளால முடியாதுன்னு உடனே சொல்லுவாங்க. தரமணியில எம்ஜிஆர் பேர்ல இருக்கற அரசு திரைப்பட கல்லூரியிலயே அனிமேஷன் படிப்பு இருக்கு, அந்த பசங்ககிட்ட தெனாலிராமன் கதையோ மரியாதைராமன் கதையோ குடுத்து அஞ்சு நிமிஷத்துக்கு கோட்டு ஓவியமா பண்ணுங்கப்பான்னா பண்ணமாட்டாங்களா, அவங்களுக்கும் டிவியில பேர் வரும்.

அதுவும் வேணாம்னா ஏற்கனவே எடுத்து வச்சதே இருக்கு. மத்திய அரசோட ஃபிலிம்ஸ் டிவிஷன்ல 1956லயே கார்ட்டூன் பிரிவு ஆரம்பிச்சாங்க, டிஸ்னியில வேலை பாத்த கிளேர் வீக்ஸ் வந்து நம்ம ஆளுங்களுக்கு சொல்லி குடுத்தாரு, புத்த ஜாதக மான் கதைய 1957ல படமா எடுத்தாங்க. 1974ல விஜயா முலே எடுத்த ஏக் அனேக் ஔர் ஏக்தாங்கற கார்ட்டூன் படம் வடக்க வளந்தவங்களுக்கு எல்லாம் தலைகீழ் பாடம், அக்கா தம்பிக்கு பாட்டுலயே கதை சொல்லுவா, வலையில மாட்டின பறவைங்க எல்லாம் ஒண்ணு சேந்து வலையோட பறந்து போகும். டிடில திருப்பி திருப்பி போட்டாங்க, ஆனா ஹிந்தி. ஃபிலிம்ஸ் டிவிஷனும் குழந்தைகள் திரைப்பட சங்கமும் 2022ல தேசிய திரைப்பட வளர்ச்சி கழகமான என்எஃப்டிசியோட சேந்துடுச்சு, டிடியும் என்எஃப்டிசியும் ஒரே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு கீழதான் வருது. ஒரே வீட்டுக்குள்ள இந்த ரூம்ல இருந்து அந்த ரூமுக்கு எடுத்துட்டு வர்ற மாதிரிதான சார் இது. தமிழ்ல நல்லா பாட தெரிஞ்சவங்கள வச்சு பாட்ட புதுசா எழுதி டப் பண்ணா போதும்.

பாட்டுக்கு நமக்கு பஞ்சமே கிடையாது. கை வீசிக்கிட்டு பாடற பாட்டு, மடியில வச்சு ஆட்டிக்கிட்டே பாடற பாட்டு, நிலாவ கூப்பிட்டு சோறு ஊட்டற பாட்டு, இதெல்லாம் யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம். எழுதினவங்க பாட்டுனா, நம்ம நாட்டு சட்டப்படி எழுதினவர் இறந்து 60 வருஷம் ஆனா காப்பிரைட் முடிஞ்சிடும், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954ல காலமானாரு, 2015ல இருந்தே அவர் குழந்தைங்களுக்கு எழுதினத யார் வேணா மெட்டு போட்டு பாடலாம். அழ. வள்ளியப்பா 1989லதான் காலமானாரு, அவர் பாட்டுக்கு குடும்பத்துகிட்ட முறையா கேட்டு வாங்கணும், பிள்ளைங்களுக்காகன்னா குடுக்காமலா போயிடுவாங்க. என்கிட்ட சேர்ற பிள்ளைங்களுக்கு சினிமா குத்துப்பாட்டு முழுசா தெரியுது, இடுப்ப ஆட்டி ஆட தெரியுது, ஆனா ரெண்டு கையையும் தட்டி ஒரு தாளத்துக்கு பாட தெரியல. கேக்கவே வேதனையா இருக்கும்.

கார்ட்டூன், பாட்டு, ஆளு, இந்த மூணும் ஏன் சேந்து இருக்கணும்னு என் கிளாஸ்ல நடக்கறத வச்சு சொல்றேன். எங்க கிளாஸ்ல ஒரு டிவி இருக்கு. அஞ்சு நிமிஷ கார்ட்டூன் கதைய முழுசா போட்டு விட்டா பிள்ளைங்க வாய தொறந்து பாக்கும், முடிஞ்சதும் "இன்னொண்ணு மிஸ்"னு கத்தும், கதை என்னன்னு கேட்டா பாதிக்கு மேல முழிக்கும். அதே கதைய நடுவுல நிறுத்தி, முயல் கிணத்துக்கிட்ட வந்துடுச்சு, பின்னாடி சிங்கம் வருது, இப்ப முயல் என்னடா பண்ணும்னு கேட்டா கிளாஸே எழுந்து நிக்கும். சேந்து பல மாசம் வாயே தொறக்காத ஒரு பொண்ணு, பேர் சொல்ல கூட அழும், அவ ஒரு நாள் அப்படி நிறுத்தினப்போ கடைசி பெஞ்சுல இருந்து "ஒளிஞ்சுக்கும்"னா. அவ்ளோதான் சொன்னா. எல்லா பிள்ளையும் திரும்பி அவள பாத்துச்சு, நான் அந்த முயலுக்கு ஒளியற இடத்த அவளையே போர்டுல வரைய சொன்னேன், வந்து வரைஞ்சா. அப்புறம் ஒரு பாட்டு போட்டு எல்லாரையும் எழுப்பி குதிக்க விட்டேன், அவளும் குதிச்சா. கார்ட்டூன் பிள்ளைய உக்கார வைக்குது, பாட்டு எழுப்பி விடுது, நடுவுல நிறுத்தி கேக்க ஒரு ஆள் இருந்தாதான் பாத்தது பிள்ளை மனசுல நிக்குது. இத டிவியில ஒரு தொகுப்பாளர் செய்ய முடியும், கிளாஸ்ல ஒரு டீச்சர் இருபத்தஞ்சு பிள்ளைக்கு செய்யறத அவரு லட்சம் வீட்டுக்கு செய்வாரு.

முடிக்கறதுக்கும் அந்த ஆள் வேணும். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரல்ல சொன்னது, ரெண்டு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம், கம்மியா இருந்தா இன்னும் நல்லதுன்னு. யூடியூப்ல ஒரு வீடியோ முடியறதுக்குள்ள அடுத்தது தானா ஓட ஆரம்பிச்சிடுது, கார்ட்டூன் சேனலுக்கு முடிவே கிடையாது, நிறுத்தற வில்லன் எப்பவும் அம்மாதான். ஆனா தினமும் வர்ற ஒரு மாமா "இன்னைக்கு இவ்ளோதான் கண்ணுகளா, போய் விளையாடுங்க, நாளைக்கு வாங்க"ன்னு கைய காட்டிட்டு போயிட்டா பிள்ளை ஏத்துக்கும். எத்தனையோ அம்மாக்கள் என்கிட்ட வந்து டிவிய ஆஃப் பண்ணா உருண்டு பிரளறான் மிஸ்னு அழுதிருக்காங்க, அவங்களுக்கு இது எவ்ளோ பெரிய உதவின்னு யோசிச்சு பாருங்க.

விளம்பரம் பத்தியும் ஒண்ணு சொல்லணும். நம்ம நாட்டுல டிவிக்கு ஒரு மணி நேரத்துல 12 நிமிஷம் வரைக்கும் விளம்பரம்னு விதி. அமெரிக்காவுல 1990ல பிள்ளைங்க ப்ரோக்ராமுக்குன்னே தனியா சட்டம் கொண்டு வந்து வாரநாள்ல மணிக்கு 12, சனி ஞாயிறுல பத்தரை நிமிஷம்னு வச்சாங்க. அதுக்கும் முன்னாடி 1974லயே அங்க இருக்கற ஒலிபரப்பு ஆணையம் பிள்ளைங்க ப்ரோக்ராம் நடத்தற ஆளு அதுலயே பொருள் விக்க கூடாதுன்னு சொல்லிட்டாங்க, ஏன்னா பிள்ளை அந்த மாமாவ நம்புது, அவர் பிஸ்கட்ட தின்னு காட்டினா அதுவும் கதைன்னுதான் நினைக்கும். நமக்கும் இந்த ஒரு விஷயத்துல கண்டிப்பு வேணும். டிடில செஞ்சா விளம்பரமே இல்லாம கூட செய்யலாம்.

டிடி பொதிகை 2024 ஜனவரி 19ல டிடி தமிழ்னு புது பேரோட, புது பொலிவோட வந்துச்சு. அது எல்லா கேபிள்லயும் வருது, ஃப்ரீ டிஷ்லயும் காசு கட்டாம வருது, எங்க ஸ்கூல்ல படிக்கற ஆட்டோக்காரர் பிள்ளைக்கும் கட்டட வேலை செய்யறவங்க பிள்ளைக்கும் ஒண்ணா கிடைக்கும். நெட் பேக் தீந்துடுச்சுன்னு நிக்காது. தமிழ்நாடு அரசோட கல்வி தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, கொரோனா நேரத்துல பாடம் நடத்தினாங்க, அது ரொம்ப பெரிய சேவை, ஆனா அது பாடம், நான் கேக்கறது பாடம் இல்ல. பள்ளிக்கூடத்துக்கே இன்னும் வராத பிள்ளைக்கு சாயந்திரம் வர்ற ஒரு சொந்தக்காரர் மாதிரி ஒரு ப்ரோக்ராம்.

எப்படி இருக்கணும்னு என் மனசுல இருக்கறத சொல்லிடறேன். சாயந்திரம் அஞ்சரை டு ஆறு. ஒரு சின்ன திண்ணை மாதிரி செட்டு, ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை கேள்விக்கெல்லாம் ஆமா இல்லன்னு தலையாட்டணும், ஹார்மோனியம் வாசிக்க ஒருத்தர், கஞ்சிரா வாசிக்க ஒருத்தர். நடத்தறவரு அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல, பிள்ளைங்கள பிடிக்கணும், நிதானமா பேசணும், எழுத்து தமிழும் இல்லாம பாதி இங்கிலீஷும் இல்லாம வீட்டுல பேசற தமிழ் பேசணும். வாரத்துக்கு ஒரு நாள் போன் கால் எடுக்கட்டும், நாகர்கோவில் பிள்ளை அது ஊர் பேச்சுல பேசட்டும், கிருஷ்ணகிரி பிள்ளை அது பேச்சுல பேசட்டும், திருத்தவே வேணாம். ஒரே ஆளு வருஷக்கணக்கா வரணும், மூணு மாசத்துக்கு ஒரு முகம் மாத்தினா பிள்ளை ஒட்டாது. தயவுசெஞ்சு போட்டி வேணாம், மார்க் வேணாம், ஜட்ஜு வேணாம்.

இந்த லெட்டர போட்டீங்கன்னா சுவாமி சிவானந்தா சாலையில இருக்கற டிடி நிலையத்துல யாராவது படிப்பாங்கன்னு நம்பறேன். நானும் தனியா அவங்களுக்கு எழுதறேன், கூடவே எங்க யுகேஜி பிள்ளைங்க "டிவி மாமா எப்படி இருக்கணும்"னு வரைஞ்ச படங்களையும் வச்சு அனுப்பறேன். இத படிக்கற அப்பா அம்மாக்களும், தாத்தா பாட்டிகளும், பால்வாடி டீச்சர்களும் ஆளுக்கு ஒரு போஸ்ட் கார்டு டிடிக்கு போடுங்க, உங்க வீட்டு பிள்ளை பேரையும் வயசையும் அதுல எழுதுங்க.

இப்படிக்கு,
நர்சரி பள்ளி ஆசிரியை ஒருத்தி,
கும்பகோணம்